வேன் ராத்திரி எங்கே நிற்குது?

"வேனுக்கு மேலதிகமா ஒரு பூட்டுப் போடணும், எது நல்லது?" என்று யாராவது கேட்டால், தேத்தண்ணியை அவர் பக்கம் நகர்த்திவிட்டு நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "ராத்திரி வேன் எங்கே நிற்குது?"

பூட்டு விற்கிறவர் இதைக் கேட்கமாட்டார். ஆனால் நம்ம பக்கத்தில் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது. டிக்கோயாவிலோ நோர்வூட்டிலோ பொகவந்தலாவையிலோ ஒரு தோட்ட டிவிசனில் இருக்கிற வயரிங் வேலைக்காரர் ஒருவர் வேன் வாங்குகிறார் என்று வையுங்கள். வீட்டு வாசலில் நிறுத்த முடிகிறதா? பல லயங்களுக்குப் போகிற வழி படிக்கட்டு, இல்லாவிட்டால் ஒற்றையடிப் பாதை. வேன் கோயிலடியிலோ ஸ்டோருக்குப் பக்கத்திலோ மெயின் ரோட்டு ஓரத்திலோ நிற்கும். ஆள் மேலே, வேன் கீழே. தகரத்தில் மழை அடிக்கிற ராத்திரியில் பக்கத்துக் காம்பராவில் பேசுவதே கேட்காது. கீழே கதவை நெம்புகிற சத்தமா கேட்கப்போகிறது?

பூட்டு திருட்டை நிறுத்திவிடாது, தாமதிக்கத்தான் செய்யும். இதற்கு ஒரு பழைய கதை உண்டு. லண்டனில் ஜோசப் பிராமா என்பவரின் கம்பெனி, தன் பூட்டு ஒன்றைக் கடைக் கண்ணாடிக்குள் வைத்து, சாவியில்லாமல் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று எழுதி வைத்தது. அறுபது வருஷத்துக்கு மேல் யாராலும் முடியவில்லை. 1851-இல் பெரும் கண்காட்சி நடந்தபோது அமெரிக்காவிலிருந்து வந்த ஏ.சி. ஹொப்ஸ் அதைத் திறந்து காட்டினார். அதற்கு அவருக்கு 51 மணி நேரம் பிடித்தது, அதுவும் 16 நாளில் விட்டு விட்டு. உலகத்திலேயே நல்ல பூட்டு என்று பேர் வாங்கியதும் கடைசியில் திறந்துதான் கொடுத்தது. ஆனால் 51 மணி நேரம் எந்தத் திருடனுக்குக் கிடைக்கும்?

நம்ம ரோட்டில் வருகிறவன் ஹொப்ஸ் மாதிரி பொறுமைசாலி இல்லை. அவன் கையில் இருப்பது அலவாங்கும் ஸ்குரூ டிரைவரும். சில நிமிஷத்தில் முடியவில்லை என்றால் அடுத்த வேனுக்குப் போய்விடுவான். ஆகவே நீங்கள் காசு கொடுத்து வாங்குவது அந்தச் சில நிமிஷத்தை. அந்த நிமிஷங்களில் யாருக்காவது சத்தம் கேட்க வேண்டும், லைட் எரிய வேண்டும், நாய் குரைக்க வேண்டும். ஆளில்லாத வளைவில் நிற்கிற வேனுக்கு எத்தனை பூட்டுப் போட்டாலும், அவனுக்கு விடியும்வரை நேரம் இருக்கிறது.

அடுத்த கேள்வி: அவனுக்கு எது வேண்டும், வேனா, உள்ளே இருக்கிற சாமானா? இரண்டுக்கும் பூட்டு வேறு. கதவுப் பூட்டு கிரைண்டரையும் டிரில் மெஷினையும் வயர் சுருளையும் காக்கும். வேனைக் காப்பது எஞ்சினிலும் சில்லிலும் போடுகிற பூட்டு. பலர் ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதும் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

முதலில் கதவு, அதுவும் பழைய வேனின் கதவு. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி அனுமதி கிடைத்தது. அந்த ஐந்து வருஷமும் இருக்கிற வேன்தான் கைமாறிக்கொண்டிருந்தது. இருபது, முப்பது வருஷ டொல்பின் வேன் எத்தனை சொந்தக்காரரைக் கண்டிருக்கும், அதன் சாவிக்கு எத்தனை நகல் வெட்டப்பட்டிருக்கும், யாருக்குத் தெரியும்? பழைய வேன் வாங்கினால் முதல் செலவு புதுப் பூட்டுக்கு அல்ல, இருக்கிற பூட்டின் சிலிண்டரை மாற்றுவதற்குத்தான். அந்தக் காலத்து வாகனப் பூட்டுக்குள் இருப்பது மெல்லிய பித்தளைத் தகடுகள். சாவி அவற்றை வரிசைக்குக் கொண்டுவந்தால் சிலிண்டர் திரும்பும். வருஷக்கணக்காகத் திருகித் திருகித் தகடும் தேயும், சாவியும் தேயும். தேய்மானம் முற்றிப்போனால் இன்னொரு வேனின் சாவி போட்டாலும் திரும்பிவிடுகிற பூட்டுகள் உண்டு.

சிலிண்டர் புதிதானாலும் வேறு பலவீனங்கள் இருக்கின்றன. கதவுப் பிடியிலிருந்து உள்ளே இருக்கிற கொக்கிக்கு ஒரு மெல்லிய கம்பிதான் போகிறது. வெளித் தகடோ அதைவிட மெல்லியது. சென்டர் லொக் உள்ள வேனில் டிரைவர் பக்கத்துக் கண்ணாடி போனால் எல்லாக் கதவும் ஒரே சுவிட்சில் திறக்கும். மேலதிகப் பூட்டின் பெறுமதி இங்கேதான்: அதற்கு வேறு சாவி, வேறு போல்ட், இந்தக் கம்பியோடும் சுவிட்சோடும் எந்தத் தொடர்பும் இல்லை.

மேலதிகப் பூட்டில் மூன்று வகையைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று, கதவை அடித்துச் சாத்தினாலே தானாகப் பூட்டிக்கொள்வது. ஸ்லாம் லொக் என்பார்கள். கடை கடையாகப் பாண், பிஸ்கட் இறக்குகிறவருக்கு இது பொருத்தம். இரண்டு கையிலும் பெட்டி இருக்கும்போது பூட்ட மறக்கிற பேச்சே இல்லை. ஆனால் சாவியை உள்ளே வைத்துச் சாத்தினால் நீங்களே வெளியில்தான். இரண்டாவது டெட் லொக். சாவியைப் போட்டுத் திருகினால்தான் போல்ட் நீளும், திருகாமல் பின்வாங்காது. பகலில் ஒரே இடத்தில் வேலை, ராத்திரி ரோட்டில் நிறுத்தம் என்கிற மேசன், பிளம்பர், வயரிங் ஆட்களுக்கு இதுதான். மூன்றாவது, நேர் போல்ட்டுக்குப் பதில் கொக்கி நீளுகிற டெட் லொக். பக்கத்தில் தள்ளித் திறக்கிற கதவுக்கு இந்தக் கொக்கி வகையைத்தான் கேட்டு வாங்க வேண்டும். அந்தக் கதவை நெம்பினால் அது பொடியை விட்டு விலகித்தான் திறக்கும், நேர் போல்ட் வழுக்கி வெளியே வந்துவிடலாம். கொக்கி எதிர்ப்பக்கத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும்.

பின்கதவில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். வெளிநாட்டுப் படங்களில் வருகிற வேலை வேன்களுக்குப் பின்னால் இரட்டைக் கதவு, அலுமாரிக் கதவு மாதிரி இரு பக்கமும் திறக்கும். அவற்றுக்குச் செய்த பூட்டுகளைப் பார்த்து ஆசைப்பட்டால் நம்ம ஊர் டொல்பினுக்கும் கேடிஎச்சுக்கும் சரிவராது. இவற்றின் பின்கதவு மேலே தூக்கித் திறப்பது. பூட்டு விழ வேண்டிய இடம் கதவின் அடி விளிம்பு. அங்கே தரைச் சட்டத்தோடு கவ்வுகிற மாதிரி ஒரு டெட் லொக், அல்லது வலுவான கொண்டியும் ஆமைப்பூட்டும்.

தூக்கித் திறக்கிற கதவால் செலவில்லாத ஓர் அனுகூலமும் உண்டு. அது திறக்கப் பின்னால் இடம் வேண்டும். வேனைப் பின்பக்கமாக எடுத்து, கல் மதிலுக்கோ மண் திட்டுக்கோ ஒரு சாண் விட்டு நிறுத்திவிட்டால், பூட்டே இல்லாவிட்டாலும் பின்கதவு எழும்பாது. நம்ம ரோடுகளில் மண் திட்டுக்குப் பஞ்சமா?

ஆமைப்பூட்டு போடுகிறவர்கள் பூட்டைவிடக் கொண்டியைப் பார்க்க வேண்டும். பெரிய பூட்டைத் தொங்கவிட்டு, கொண்டியை நாலு சின்ன ஸ்குரூவில் தகட்டில் பிடித்திருப்பார்கள். திருடன் பூட்டைத் தொடவே மாட்டான், ஸ்குரூவோடு பெயர்த்துவிடுவான். தகட்டைத் துளைத்து ஊடுருவிப் போகிற போல்ட், உள்பக்கம் கனமான இரும்புப் பட்டை, அதற்கு மேல் நட். வெளியிலிருந்து கழற்ற முடியாத வட்டத் தலை போல்ட்டாக இருக்கட்டும். பூட்டின் வளையம் அலவாங்கின் நுனி நுழைய இடம் கொடுக்கக்கூடாது. தோள் உயர்ந்து வளையத்தை மூடியிருக்கிற வகை நல்லது. ஐரோப்பிய தரம் இ.என். 12320 ஆமைப்பூட்டுகளை 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறது, எண் கூடக் கூடப் பலம் கூடும். பெட்டியில் அந்த எண் இருந்தால் பாருங்கள். திண்டுக்கல் பூட்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற நல்ல சரக்குதான். ஆனால் அது வீட்டுக்கும் கிட்டங்கிக்கும் பொருத்தம், மழையில் குலுங்கி ஓடுகிற வாகனத்துக்கு அல்ல.

மழை என்றதும் துரு. வட்டவளை இலங்கையில் அதிகமாக மழை பெய்கிற இடங்களில் ஒன்று, ஹட்டனிலும் மழைக்குக் குறைவில்லை. முழு இரும்புப் பூட்டு இரண்டு மழைக்காலத்தில் இறுகிப்போகும். பித்தளை உடம்பும், முலாம் பூசிய கடினப்படுத்திய எஃகு வளையமும், சாவித் துவாரத்துக்கு மூடியும் உள்ளதை வாங்குங்கள். பூட்டுக்குள் தேங்காயெண்ணெய், கிரீஸ் விடவே கூடாது. தூசி சேர்ந்து களியாகிவிடும். பென்சில் கரியைச் சுரண்டித் துவாரத்தில் ஊதினால் போதும். டெட் லொக் பொருத்தத் தகட்டைத் துளைத்த பாஸ், வெட்டிய விளிம்புக்குத் துருத் தடுப்புப் பெயின்ட் அடித்தாரா என்று நின்று பாருங்கள். அடிக்காவிட்டால் பூட்டைச் சுற்றியே கதவு உக்கிவிடும். வெல்டிங் செய்வதானால் முதலில் பெட்டரி வயரைக் கழற்றச் சொல்லுங்கள்.

கதவெல்லாம் பூட்டியாயிற்று. ஆனால் டிரைவர் சீட்டுக்கும் பின்பகுதிக்கும் நடுவில் தடுப்பு இல்லையா? அப்படியென்றால் முன் கண்ணாடியை உடைத்து சீட்டுக்கு மேலால் தாவினால் முடிந்தது. இரும்புக் கம்பித் தடுப்பு ஒன்று வேண்டும். அல்லது தரையோடு போல்ட் பண்ணிய இரும்புப் பெட்டி. கிரைண்டருக்கும் டிரில்லுக்கும் அந்தப் பெட்டி, எல்லாக் கதவுப் பூட்டையும்விட மேல். ராத்திரி கையில் தூக்கி வீட்டுக்குக் கொண்டுபோக முடிந்தால் அது பெட்டியையும்விட மேல்.

இதில் ஓர் எச்சரிக்கை. காலையில் பாடசாலைப் பிள்ளைகள், பகலில் சாமான், ஞாயிறென்றால் கலியாண வீட்டுச் சனம் என்று ஒரே வேன் பல வேலை பார்ப்பது இங்கே சகஜம். உள்ளிருந்து திறக்க முடியாத பூட்டை ஆள் ஏற்றுகிற வேனில் பகலில் பூட்டவே கூடாது. பள்ளத்தில் சாய்ந்தாலோ தீப்பிடித்தாலோ பிள்ளைகள் வெளியேறுகிற வழி அந்தப் பக்கக் கதவுதான். அந்தப் பூட்டு ராத்திரிக்கு மட்டும். ஆள் ஏறுமுன் பூட்டைத் திறந்து வைக்க வேண்டும்.

இனி வேனையே கொண்டுபோகிறவன். ஸ்டார்ட்டர் வயரில் ஒளித்து வைத்த சுவிட்ச் ஒன்று போதும் என்று பலர் நம்புகிறார்கள். சமவெளியில் அது ஓரளவு சரி. இங்கே இறக்கம் இருக்கிறது. ஹேண்ட் பிரேக்கை விட்டால் வேன் சத்தமில்லாமல் உருளும். இரண்டாவது கியரில் கிளட்சை விட்டால் எஞ்சின் எழும்பிவிடும், ஸ்டார்ட்டரே தேவையில்லை. பழைய டீசல் எஞ்சினில் சுவிட்ச் போட வேண்டியது பம்பில் எண்ணெயைத் திறந்துவிடுகிற சொலனொயிட்டுக்குப் போகும் வயரில். மின்சாரம் போகாவிட்டால் டீசல் போகாது, உருட்டினாலும் எழும்பாது. விஷயம் தெரிந்தவன் பெட்டரியிலிருந்து நேரே வயர் இழுக்கலாம். அதற்கும் அவனுக்கு நேரம் வேண்டும். கூடவே கியர் லொக்கும், சில்லுக்கு ஒரு கிளாம்பும் போட்டால் உருளுகிற கதையே முடிந்தது. கிளாம்ப் இல்லாத நாளில் நல்ல கனமான கல் முட்டு. ஸ்டியரிங் மேல் போடுகிற கம்பி தூரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியும், அது நல்லது. ஆனால் ஸ்டியரிங் வளையத்தையே அறுத்துக் கழற்றலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

மண் திட்டுக்குப் பின்பக்கம் காட்டி நிறுத்தினால் மூக்கு இறக்கத்தைப் பார்த்திருக்குமே, அது உருட்ட வசதியாகாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சாமானை வீட்டுக்குக் கொண்டுபோகிறவர் மூக்கை மேட்டுப் பக்கம் வைத்து நிறுத்தட்டும், காக்க வேண்டியது வேனை மட்டும்தான். சாமான் உள்ளேயே கிடக்கிறவர் பின்பக்கத்தைத் திட்டுக்குக் கொடுத்து, முன் சில்லுக்குக் கிளாம்ப் போடட்டும்.

ஜிபிஎஸ் டிராக்கர் பற்றி ஒரு வார்த்தை. அது இடத்தை அறிவது செய்மதியிலிருந்து, உங்களுக்குச் சொல்வது போன் சிக்னல் வழியாக. மலை இடுக்கில் சிக்னல் இல்லாத இடங்களில் அது வாயடைத்துப் போகும், வெளியே வந்த பிறகுதான் பேசும். போன வேனைத் தேட உதவும், போகாமல் தடுக்காது. அதேபோல மூன்றாம் தரப்பு காப்புறுதி களவுக்கு ஒரு சதமும் தராது. முழுக் காப்புறுதி வைத்திருந்தாலும் உள்ளே இருந்த உபகரணங்களுக்குச் சேர்த்து எழுதியிருக்கிறதா என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள். எஞ்சின் நம்பர், செசி நம்பர், ஒவ்வொரு மெஷினின் சீரியல் நம்பர், படம் எல்லாம் போனிலும் வீட்டிலும் இருக்கட்டும். 119-க்கு அழைத்தாலும் பொலிஸில் முறைப்பாடு எழுதினாலும் முதலில் கேட்பது அவற்றைத்தான். பதிவுப் புத்தகத்தின் மூலப் பிரதியை மட்டும் வேனுக்குள் வைக்காதீர்கள்.

கையில் காசு குறைவு என்றால் வரிசை இப்படி: நிறுத்துகிற இடம், சாமானை இறக்குவது, பழைய சிலிண்டரை மாற்றுவது, சொலனொயிட் சுவிட்ச், பக்கக் கதவுக்குக் கொக்கி டெட் லொக், பின்கதவுக்கு அடிப் பூட்டு, அதற்குப் பிறகு மற்றதெல்லாம். முதல் இரண்டுக்கும் காசே இல்லை. இடத்தைத் தெரிவு செய்யும்போது வெளிச்சம் இருக்கிற, ஆள் தூங்குகிற வீட்டின் ஜன்னல் திறக்கிற பக்கமாகப் பாருங்கள். அந்த வீட்டுக்காரரிடம் உங்கள் போன் நம்பரைக் கொடுங்கள், அவருடையதை வாங்கிக்கொள்ளுங்கள், தோட்டத்து வாட்ச்சரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். பூட்டு வாங்கித் தருகிற அந்தச் சில நிமிஷத்தை உங்களுக்காகப் பயன்படுத்தப்போகிறவர்கள் அவர்கள்தான்.