ஃபுல்லர்ட்டன் பலகையும் நியூயார்க் உத்திரமும்

1949-ல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் லியோ ஃபெண்டர் இரண்டு பைன் பலகைகளை ஒட்டி ஒரு கிட்டாருக்கு உடல் செய்தார். மேலே கெட்டியாக வெள்ளைச் சாயம் அடித்தார். கழுத்துப் பகுதியைப் பசை போட்டு ஒட்டாமல் நான்கு திருகாணிகளால் முடுக்கினார். பின்னாளில் டெலிகாஸ்டர் என்று உலகமெங்கும் பேர் வாங்கிய கிட்டாரின் முன்மாதிரி அதுதான். லியோ வானொலிப் பெட்டி பழுதுபார்த்துத் தொழிலுக்கு வந்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது. அதனால்தானோ என்னவோ, கிட்டார் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற பாரம்பரியச் சுமை அவர் தோளில் இல்லை.

அப்போது மேடைக் கிட்டார்களின் வயிறு கூடாக இருந்தது. ஆம்ப்ளிஃபயரின் சத்தத்தைக் கூட்டினால் அந்த ஒலியே கிட்டாரின் மேல்பலகையை அதிரவைக்கும். பலகை கம்பியை அதிரவைக்கும். கம்பியின் அதிர்வு மறுபடி ஆம்ப்ளிஃபயருக்குப் போகும். முடிவில் ஒரே ஊளைச் சத்தம். கூட்டை அடைத்துவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு அடங்கும் என்று லியோவுக்கு முன்பே சிலர் கண்டிருந்தார்கள். 1940 வாக்கில் நியூயார்க்கில் லெஸ் பால் என்ற கலைஞர், எபிஃபோன் கிட்டார் தொழிற்சாலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து, நாலுக்கு நாலு அங்குலப் பைன் கட்டையில் கம்பி பூட்டி வாசித்துப் பார்த்தார். வெறும் கட்டையாக மேடைக்குக் கொண்டுபோனபோது ரசிகர்கள் கண்டுகொள்ளவில்லை. ஒரு பழைய கிட்டாரை இரண்டாகப் பிளந்து, கட்டையின் இருபுறமும் இறக்கைபோல ஒட்டிய பிறகுதான் கைதட்டல் கிடைத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். ‘லாக்’ (மரக்கட்டை) என்று பேர் பெற்ற அந்தக் கிட்டாருக்கும் லியோவின் முன்மாதிரிக்கும் மரம் ஒன்றே. இசைக்காக யாரும் பைனைத் தேடிப் போகவில்லை. எந்த மரக்கடையிலும் கிடைத்தது, விலை மலிவு, ரம்பத்துக்கும் உளிக்கும் உடனே இணங்கியது. பத்து முறை வெட்டி எறிந்து சோதிக்கிறவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

1950-ல் ஃபெண்டர் நிறுவனம் எஸ்குவையர் என்ற பெயரில் முதல் கிட்டார்களை வெளியிட்டபோது, தொடக்கத்தில் வந்தவற்றின் உடல் பைன்தான். கறுப்புச் சாயத்துக்குள் மறைந்திருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஆஷ் மரம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆஷ் கடினமானது, ரேகை எடுப்பானது. வெளிர்மஞ்சள் பூச்சுக்குள்ளும் அந்த ரேகை தெரியும். பைனில் நகத்தை அழுத்தினாலே பள்ளம் விழும். பிறகு ஆல்டர் மரம் வந்தது. பல பத்தாண்டுகளுக்குப் பைன் என்றால் பெட்டி மரம், வீட்டுச் சட்ட மரம் என்பதே பொது எண்ணமாக இருந்தது. பைன் உடல் கொண்ட கிட்டார் என்றால் மலிவுச் சரக்கு என்று முகம் சுளித்தவர்கள், தாங்கள் கொண்டாடும் டெலிகாஸ்டரே பைனில்தான் பிறந்தது என்பதை மறந்துபோனார்கள்.

இன்று நிலைமை தலைகீழ். நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில், கார்மைன் தெருவில் கிட்டார் கடை நடத்திப் பேர் பெற்ற ரிக் கெல்லி, நகரத்தில் பழைய கட்டடம் எங்கே பிரிக்கப்படுகிறது என்று கண்ணும் காதுமாக இருப்பவர். 19-ஆம் நூற்றாண்டில் அந்த நகரத்தின் வீடுகளும் விடுதிகளும் வெள்ளைப் பைன் உத்திரங்களின் மேல் எழுந்தவை. செல்சி ஹோட்டல், மெக்சார்லிஸ் மதுக்கடை போன்ற இடங்களிலிருந்து கழித்துப்போட்ட கட்டைகள் அவர் கைக்கு வந்து கிட்டாராகியிருக்கின்றன. லூ ரீட், பாப் டிலன் போன்றவர்கள் அவர் செய்த கிட்டார்களை வாங்கியவர்கள். அந்தக் கடையைப் பற்றி ரான் மேன் எடுத்த ஆவணப்படம் 2018-ல் வெளிவந்தது.

அப்படிப்பட்ட ஓர் உத்திரம் பட்டறைக்கு வரும்போது பார்க்க அழகாக இருக்காது. புகையும் தூசியும் ஏறிக் கறுத்திருக்கும். முதல் வேலை ஆணி தேடுவது. உள்ளே ஒடிந்து நிற்கும் ஓர் ஆணி போதும், இழைப்பு எந்திரத்தின் கத்தி பாழாகிவிடும். உலோகங்காட்டியை வைத்து அங்குலம் அங்குலமாகத் தடவி, அகப்பட்டதையெல்லாம் பிடுங்கிய பிறகு இழைத்தால், கறுப்புத் தோலுக்கு அடியில் தேன் நிறம் வெளிப்படும். ஆணி இருந்த துளையைச் சுற்றித் துருக்கறை வளையமாகப் படிந்திருக்கும். அதை நிரப்பி மறைக்காமல் கிட்டாரின் முகத்திலேயே விட்டுவைப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த வழக்கம். முனையை வெட்டிப் பார்த்தால் ஆண்டு வளையங்கள் நெருக்கி அடுக்கியிருக்கும். அடர்ந்த காட்டில், பெரிய மரங்களின் நிழலில் மெல்ல மெல்ல வளர்ந்ததன் அடையாளம் அது. இன்று தோட்டத்தில் வேகமாக வளர்த்து வெட்டும் பைனில் அந்த நெருக்கம் கிடைக்காது. அந்தப் பழங்காடுகள் பெரும்பாலும் வெட்டித் தீர்க்கப்பட்டுவிட்டன. மிச்சம் இருப்பது பழைய கட்டடங்களின் கூரைக்கடியில்தான். அதைக் குப்பை வண்டியில் ஏற்றுவது எனக்குப் பொறுக்கமுடியாத காரியமாகப் படுகிறது.

இன்னொரு பெரிய வேறுபாடு பிசின். கடையில் வாங்கும் புதுப் பைனை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால், சூட்டில் பிசின் இளகித் தாளை அடைத்துவிடும். கணுவின் மேல் அடித்த பெயின்ட் சில மாதங்களில் பழுப்பாகக் கறைபடும். முதலில் ஷெல்லாக் பூசி அடைத்தாக வேண்டும். நூறாண்டு காய்ந்த உத்திரத்தில் பிசின் உள்ளேயே இறுகிப்போயிருக்கும். நூறாண்டு காத்திருக்க முடியாத தொழிற்சாலைகள் இதற்கு வேறு வழி பிடித்தன. ஆக்சிஜன் குறைந்த சூளையில் 160 டிகிரி செல்சியஸுக்கும் மேலே பைனைச் சுட்டெடுக்கிறார்கள். ஈரம் போகிறது, பிசின் இறுகுகிறது, நிறம் கருமை தட்டுகிறது. ஃபெண்டர் நிறுவனமே 2020-ல் தன் அமெரிக்கத் தயாரிப்புகள் சிலவற்றுக்கு இப்படி வறுத்த பைனை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு, பெரும்பாலான வகைகளில் ஆஷ் மரத்தைக் கைவிடுவதாகவும் அறிவித்தது. 2002-ல் மிச்சிகனில் கண்டறியப்பட்ட மரகதப் பச்சை வண்டு ஒன்று ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் தின்று தீர்த்ததே அதற்கு முக்கியக் காரணம். பைனைத் துரத்திய ஆஷ், எழுபது ஆண்டு கழித்துப் பைனுக்கே வழிவிட்டது.

கருவிகளும் மாறிவிட்டன. அன்று பட்டை ரம்பமும் அச்சுப்பலகையும் தொழிற்சாலைக்கே உரியவை. இன்று கணினி வெட்டிக் கொடுத்த எம்.டி.எஃப். பலகை அச்சை விலைக்கு வாங்கி, கை ரூட்டர் என்ற குடையும் கருவியை வைத்து வீட்டுக் கார் கொட்டகையிலேயே செய்கிறார்கள். ஆனால் மரத்தின் குணம் மாறவில்லை. உடலின் கொம்பு வளையும் இடத்தில் ரேகை திசை மாறும். அங்கே ரூட்டரை ஆழமாக விட்டால் ஒரு சில்லு அப்படியே பிய்ந்து பறக்கும். கோட்டுக்கு வெளியே இரண்டு மில்லிமீட்டர் விட்டு ரம்பத்தால் அறுத்துவிட்டு, மிச்சத்தை மேலோட்டமாகப் பல தடவை ஓட்டிச் சீவுவதே வழி. கழுத்து உட்காரும் குழியின் ஆழம் 16 மில்லிமீட்டர். திருகாணி போடாமலே கழுத்து அதில் கவ்வி நிற்க வேண்டும். ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 45 கிலோ இழுக்கும். அதனால் மென்மையான பைனில் துளையிட்டபின் ஒரு சொட்டு நீர்த்த சூப்பர் குளூ விட்டு இறுகவைத்து, அதற்குப் பிறகே திருகாணியை ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் புரி கழன்று சுற்றும்.

ஒலிக்கு மரம் காரணமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. மின் கிட்டாரில் பிக்கப் என்ற ஒலியுணர்வியின் காந்தம் கவனிப்பது உலோகக் கம்பியின் அசைவைத்தான். ஆகவே கம்பி, பிக்கப், ஆம்ப்ளிஃபயர் மூன்றுக்கும் அடுத்துத்தான் மரத்துக்கு இடம் என்பது என் முடிவு. எடை விஷயம் வேறு. காய்ந்த வெள்ளைப் பைன் கன மீட்டருக்குச் சுமார் 400 கிலோ; வெள்ளை ஆஷ் சுமார் 670. மூன்று மணி நேரம் தோளில் மாட்டி நின்று வாசிக்கிறவருக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

முதல் முறையாகக் கிட்டார் செய்ய நினைக்கிறவர்கள் பைனிலேயே தொடங்குங்கள். 45 மில்லிமீட்டர் தடிமனில், கணு இல்லாத, நன்றாகக் காய்ந்த பலகையாகப் பார்த்து எடுங்கள். மிச்சமாகும் பணத்தை நல்ல கழுத்துக்கும் நல்ல பிக்கப்புக்கும் செலவிடுங்கள்.