ஐந்தில் ஒரு பங்கு

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை இன்றும் கோழிமுட்டைக் கருவில்தான் வளர்க்கிறார்கள். அவசரம் என்று முட்டையை மிரட்ட முடியாது. ஒரு தொகுப்பு தயாராகி, சோதனைகள் முடிந்து வெளிவரப் பல மாதங்கள் ஆகும். 2016-இல் உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற ஆலைகள் நான்கே. அவசரக் கையிருப்பு சுமார் 60 லட்சம் டோஸ்.

2015 டிசம்பரில் அங்கோலாவின் லுவாண்டாவில் கிளம்பிய காய்ச்சல் அந்தக் கையிருப்பைக் கரைத்துவிட்டு, எல்லை தாண்டிக் காங்கோவுக்குள் நுழைந்தது. அதன் தலைநகர் கின்ஷாசாவில் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர். ஊரெங்கும் ஏடிஸ் கொசு. மழைக்காலம் வேறு நெருங்குகிறது. இருக்கிற மருந்தை யாருக்குப் போடுவது, யாரைக் காத்திருக்கச் சொல்வது?

ஆளுக்கு எவ்வளவு மருந்து உண்மையிலேயே தேவை என்பதை வல்லுநர்கள் மறுபடி கணக்குப் பார்த்தார்கள். இந்தத் தடுப்பூசியில் இருப்பது வலுவிழந்த, ஆனால் உயிருள்ள வைரஸ். உடலுக்குள் போனதும் அது தானே பெருகும். பால் தயிராக ஒரு கரண்டி உறைமோர் போதும் இல்லையா, அதே கதைதான். தவிர, ஆலைகள் ஒவ்வொரு டோஸிலும் குறைந்தபட்ச அளவைவிடத் தாராளமாகவே வைரஸை வைக்கின்றன. பிரேசிலில் ராணுவ வீரர்களுக்கு அளவைக் குறைத்துக் குறைத்துப் போட்டுப் பார்த்த ஆய்வு ஏற்கெனவே கையில் இருந்தது.

ஆகஸ்ட் மாதம் கின்ஷாசாவில் வழக்கமான 0.5 மில்லிக்குப் பதில் 0.1 மில்லி ஏற்றினார்கள். பத்துப் பேருக்கான குப்பி ஐம்பது பேருக்கு வந்தது. அத்தனை சிறிய அளவுக்கான சிரிஞ்சுகளைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. மருந்தைக் கரைத்துவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். எனவே குப்பியைத் திறக்குமுன் வரிசையில் ஆள் இருக்க வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முழு அளவே போட்டார்கள். அவர்கள் விஷயத்தில் போதிய ஆதாரம் இல்லாததால் சோதித்துப் பார்க்கத் துணியவில்லை. சரியான முடிவு.

70 லட்சத்துக்கும் அதிகமானோர் ஊசி போட்டுக்கொண்டார்கள். முன்பு எதிர்ப்பாற்றல் இல்லாதவர்களின் ரத்தத்தை 28 நாள் கழித்துச் சோதித்தபோது, 98 சதவீதத்தினரிடம் அது உருவாகியிருந்தது.

ஆனால் ஆப்பிரிக்கா போகிறவர்கள் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் ஊசி போட்டு வாங்கும் அந்த மஞ்சள் அட்டை, அதாவது பயணத்துக்கான தடுப்பூசிச் சான்று, குறைந்த டோஸுக்குக் கிடையாது. நாடு விட்டு நாடு போக நினைத்த கின்ஷாசாவாசி முழு டோஸ் போட்டுக்கொண்டாக வேண்டியிருந்தது.