இரண்டு கடலுக்கு நடுவே ஒரு சிரட்டைத் தண்ணீர்

குழந்தைகளே! கடலையே பார்த்திராத ஒரு பையனை, இரண்டு பக்கமும் கடல் இருக்கிற ஊருக்கு அழைத்துப் போனால் என்ன செய்வான் தெரியுமா? முதலில் கடலைக் குடித்துப் பார்ப்பான்!

1996-ஆம் ஆண்டு. மண்டபம் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு நான் ஆசிரியர். ஜூலை மாதம் தருமபுரிப் பக்கத்திலிருந்து ஒரு பையன் புதிதாக வந்து சேர்ந்தான். அப்பாவுக்கு வேலை மாற்றல். வகுப்பில் பாதிப் பேர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். வத்தை, வல்லம், கரைவலை என்று அவர்கள் பேசுவது இவனுக்குப் புரியாது. இவன் பேச்சைக் கேட்டால் அவர்களுக்குச் சிரிப்பு. ஒரு மாதம் ஆகியும் கடைசி பெஞ்சில் தனியாகவே உட்கார்ந்திருந்தான்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றித் தனுஷ்கோடிக்குக் கிளம்பினோம். பாம்பன் பாலத்தில் ஏறியதும் பையன் ஜன்னல் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். பக்கத்திலேயே 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம். கப்பல் வந்தால் அதன் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலே எழும்பும். (இப்போது அதில் ரயில் ஓடுவதில்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தின் நடுப்பகுதி, லிஃப்ட் மாதிரி அப்படியே நேராக உயரும்.)

அன்றைக்குத் தார்ச்சாலை முகுந்தராயர் சத்திரத்தோடு முடிந்துவிடும். அதற்குமேல் மணல்தான். மணலில் ஓடும் வேன்கள் உண்டு. எங்களிடம் அதற்குக் காசு இல்லை. நடந்தோம். இடது பக்கம் குளம்போல அசையாமல் கிடந்தது ஒரு கடல். வலது பக்கம் 'தடால் தடால்' என்று அலை அடித்தது இன்னொரு கடல்.

"இது பெண் கடல், அது ஆண் கடல்" என்றான் ஒரு மீனவச் சிறுவன். அவர்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். வடக்கே இருப்பது பாக் நீரிணைப் பக்கத்துக் கடல், ஆழம் குறைவு. தெற்கே மன்னார் வளைகுடா, ஆழம் அதிகம். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தெற்குக் கடல் கொந்தளிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வந்துவிட்டால் பெண் கடலுக்கும் கோபம் வரும்.

நம் பையன் ஓடிப்போய்ப் பெண் கடலில் ஒரு கை அள்ளி வாயில் விட்டான். முகத்தைச் சுளித்தான். பிறகு கேட்டான்: "சார், அந்தக் கடலும் உப்பாத்தான் இருக்குமா?"

அவ்வளவுதான். எல்லோரும் மணலில் விழுந்து சிரித்தார்கள். அவன் அப்புறம் வாயே திறக்கவில்லை. எனக்குக் கஷ்டமாக இருந்தது. நியாயமான கேள்விதானே அது?

பழைய ஊரை அடைந்தபோது உச்சி வெயில். கூரை இல்லாத மாதா கோயில், இடிந்த ரயில் நிலையம். ஒரு காலத்தில் சென்னை எழும்பூரில் ரயில் ஏறி இங்கே வந்து, கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து ரயிலிலேயே கொழும்பு போகலாம். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு வந்த புயல் அத்தனையையும் முடித்துவிட்டது. பாம்பனிலிருந்து வந்த ரயிலைக் கடல் அப்படியே இழுத்துக்கொண்டது. அதில் வந்தவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. இது மக்கள் வசிக்கத் தகுதியில்லாத இடம் என்று பிறகு அரசு அறிவித்துவிட்டது.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே "சார், தண்ணி" என்றாள் ஒரு சிறுமி. கொண்டுவந்த பாட்டில்கள் எல்லாம் காலி. இரண்டு குடம் தண்ணீரை நான் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். என் தப்புதான். திரும்பி நடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு பிள்ளைக்குத் தலை சுற்றுகிறது. நான் பயந்துபோனேன்.

சற்றுத் தள்ளி ஓலைக்குடிசை ஒன்று. கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி எங்களைப் பார்த்தார். பேசாமல் குடிசைக்குப் பின்னால் கூட்டிப்போய் மணலில் ஒரு பள்ளத்தைக் காட்டினார். முழங்கால் ஆழம்கூட இல்லை. அடியில் கொஞ்சம் தண்ணீர். பிள்ளைகள் முண்டியடித்து அள்ளப் போனார்கள். மணல் சரிந்து தண்ணீர் கலங்கிவிட்டது.

"தள்ளுங்கடா!" என்று ஒரு குரல். நம் புதுப் பையன்தான்! மண்டியிட்டு உட்கார்ந்தான். "கொட்டாங்குச்சி இருக்கா பாட்டி?"

பாட்டிக்கு முதலில் புரியவில்லை. பிறகு சிரித்துக்கொண்டே ஒரு சிரட்டையைக் கொடுத்தார். இரண்டும் தேங்காய் ஓடுதான், ஊருக்கு ஊர் பேர்தான் வேறே. அவன் அவசரப்படவில்லை. கலங்கல் தெளியும்வரை காத்திருந்தான். மேலாக மோந்து மோந்து குடத்தில் ஊற்றினான். அவன் ஊரில் கோடையில் ஆறு காய்ந்துவிடும்; மணலில் ஊற்றுத் தோண்டித்தான் தண்ணீர் எடுப்பார்களாம்.

"அப்படித்தான் ராசா. மேலாப்ல எடு. ஆழத் தோண்டினா உப்பாயிரும்" என்றார் பாட்டி.

ஏன் உப்பாகும்? மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, அடியில் உள்ள கடல் தண்ணீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. உப்புத் தண்ணீரைவிட நல்ல தண்ணீர் எடை குறைவு. வீட்டில் அம்மாவிடம் கேட்டு ஒரு முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், மூழ்கும். அதே தண்ணீரில் நிறைய உப்பைக் கரைத்துவிட்டுப் போடுங்கள், மிதக்கும். உப்புத் தண்ணீர் அதிக எடையோடு இருப்பதால்தான் முட்டையைத் தாங்குகிறது.

புயலில் உறவினர்களை இழந்தவர் அந்தப் பாட்டி. "பிறகும் ஏன் இங்கேயே இருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். "கடல்ல மீன் இருக்கு. கால்மாட்டுல தண்ணி இருக்கு. வேற எங்க போறது?" என்றார்.

2017-லிருந்து அரிச்சல்முனைவரை தார்ச்சாலை வந்துவிட்டது. பஸ்ஸிலேயே போய் வரலாம். போனால் சாலையை விட்டு இறங்கி அந்த ஊற்றுகளையும் கேட்டுப் பாருங்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் நம் பையனைச் சுற்றி ஒரே கூட்டம். "உங்க ஊர் ஆத்துல தண்ணி வந்தா எப்படிடா இருக்கும்?" என்று ஒருவன் கேட்டான். பையன் சொல்ல ஆரம்பித்தான். பாம்பன் பாலம் தாண்டியும் அவன் பேச்சை நிறுத்தவில்லை. ஜன்னல் கம்பியையும் பிடிக்கவில்லை.