ஆட்டக் கையில்லாத தொட்டில்

தாலாட்டு என்றதும் பொன் தொட்டிலும் முத்து மாலையும் நம் நினைவுக்கு வந்துவிடுகின்றன. தாயன்பின் தூய வடிவம் என்று மேடைதோறும் போற்றுகிறோம். அதைப் பாடியவர்களில் பெரும்பாலோர் பகலெல்லாம் உழைத்துக் களைத்தவர்கள் என்பது அந்தப் போற்றுதலில் விடுபட்டுப் போகிறது. கீழ்ப் பழனி மலையில் ஆடலூர், பன்றிமலை, தாண்டிக்குடிப் பக்கம் விளையும் காப்பியைப் பறிக்கும் முறையைப் பார்த்தாலே இது விளங்கும். அரபிக்கா பழம் எல்லாம் ஒரே நாளில் பழுப்பதில்லை. கார்த்திகை தொடங்கித் தை வரை, சிவந்ததை மட்டும் தேர்ந்து பறிக்க, ஒரே செடிக்குப் பலமுறை திரும்பி வரவேண்டும். ஒரு கை கிளையை வளைக்கும், மறு கை பழத்தைக் கிள்ளும். இரண்டு கையும் வேலைக்கே போனபின், பழைய சேலையில் தொட்டில் கட்டிப் பிள்ளையைக் கிடத்திய தாய்க்கு மிஞ்சுவது குரல்தான். ஆட்டிவிட்டு நகர்ந்தால் தொட்டில் சற்று நேரத்தில் நின்றுவிடும். நான்கு செடி தள்ளி நின்றாலும் பாட்டு பிள்ளையை எட்டும். அந்தக் குரலை ஓய்வு நேரத்துக் கலை என்று எப்படிச் சொல்வது? அது அவளுடைய மூன்றாவது கை.

பாட்டில் வறுமையைக் காணோமே, மாணிக்கமும் பவளமும்தானே வருகின்றன என்று கேட்கலாம். கந்தல் தொட்டிலின் மேல் பாடப்படும் பவளம், வீட்டில் இல்லாததின் கணக்கு. தாய்மாமன் சீரை விரித்துப் பாடுவதில் பெருமையும் உண்டு, பிறந்த வீடு நம்மை மறந்துவிடக் கூடாதே என்ற ஏக்கமும் உண்டு. 1964-இல் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' தொகுப்பை வெளியிட்ட நா. வானமாமலை, இப்பாட்டுகளைப் பாடியவர்களின் தொழிலோடும் வாழ்நிலையோடும் சேர்த்தே படித்தார். தாலாட்டில் ஏழைப் பெண்ணின் துயரம் கலந்திருப்பதை ஸ்பெயின் கவிஞர் லோர்காவும் 1928-இல் ஓர் உரையில் எடுத்துக்காட்டினார். பச்சைப்பிள்ளையிடம் துயரத்தைச் சொல்லலாமா என்றால், பிள்ளைக்குக் கேட்பது ராகம் மட்டுமே, சொற்கள் அவளுக்கானவை. மாமியாரிடமோ மேஸ்திரியிடமோ சொல்ல முடியாததை, பொருள் புரியாத ஒரு செவியிடம் தயங்காமல் சொல்லலாம். அலுப்பைச் சொல்வதால் அன்பு குறைந்துவிடாது. இடுப்பு ஒடிந்தபின்னும் பாட்டை நிறுத்தாதிருப்பதை வேறு எந்தப் பெயரால் அழைப்பது?

ஆனால் அந்த அலுப்பைத் தியாகம் என்று புகழ்ந்துவிட்டு நகர்வதை ஏற்க முடியவில்லை. புகழ்ச்சி நம் பொறுப்பைக் கழித்துவிடுகிறது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது; பெண் தொழிலாளர்களின் பிள்ளைகள் 20 பேர் இருந்தாலும் போதும் என்று பின்னர் திருத்தப்பட்டது. நல்ல சட்டம்தான். ஆனால் இந்தியக் காப்பித் தோட்டங்களில் மிகப் பெரும்பாலானவை 10 ஹெக்டேருக்கும் குறைவானவை. ஐந்தாறு பெண்கள் பறிக்கும் தோட்டத்தை அந்த எண்ணிக்கை எட்டியதே இல்லை. அங்கன்வாடி இருக்கிறதே என்பார்கள். 1975-இல் தொடங்கிய அந்தத் திட்டம் சத்துணவும் முன்பருவக் கல்வியும் தந்தது பெரிய காரியம். ஆயினும் பால்குடிப் பிள்ளையைக் காலை முதல் மாலை வரை பார்த்துக்கொள்வதற்காக அது அமைக்கப்படவில்லை. சிறு தோட்டங்கள் பல சேர்ந்து, ஊராட்சியின் துணையோடு, பறிப்புக் காலமான அந்த மூன்று மாதத்துக்காவது ஊருக்கு ஒரு காப்பகம் நடத்தலாம். தாலாட்டை நேசிக்கிறவர்கள் முதலில் இதைக் கேளுங்கள்.