மயங்கிய குதிரையின் நாடி

குதிரையை மயக்கிக் கிடத்திச் சஸ்திர சிகிச்சை செய்யும்போது, அதன் இருதயம் இடையிடையே ஒரு துடிப்பைத் தவறவிடுவதுண்டு. அருகில் நிற்கும் சொந்தக்காரர் அதை அறிந்தால் நடுங்கிப்போவார். அனுபவமில்லாத மிருக வைத்தியரோ உடனே மருந்தூசியை எடுப்பார். இரண்டும் அவசரமே என்பது நமது அபிப்பிராயம்.

காரணத்தைச் சொல்லுவோம். சுமார் 500 கிலோ எடையுள்ள குதிரையின் இருதயம், ஓய்வில் நிமிஷத்துக்கு 28 முதல் 40 தடவையே துடிக்கும். அதனை அடக்கி நடத்தும் வேகஸ் என்னும் நரம்பு அத்துணை வலிமையுடையது. ஆகவே ஆரோக்கியமான குதிரையிலும், மேலறைகள் துடித்தபின் கீழறைகள் ஒரு முறை துடிக்காமல் நின்றுவிடும். சற்று ஓடவிட்டால் அக்குறை மறைந்துபோகும். மயக்கத்துக்கு முன் சாந்தப்படுத்தக் கொடுக்கும் ஸைலஸீன், டெடோமிடீன் ஆகிய மருந்துகள் இத்தடையை அதிகப்படுத்தும். அட்ரோபின் கொடுத்தால் நாடி விரையும் என்பது மெய்தான். ஆனால் குடலின் அசைவும் ஓய்ந்துவிடும். வாந்தியெடுக்க இயலாத அப்பிராணிக்குக் குடல்வலி வந்தால் அதுவே யமனாகக் கூடும். எனவே நாடி மிகத் தளர்ந்து ரத்த அழுத்தமும் இறங்கினாலன்றி அம்மருந்தைத் தொடலாகாது.

அழுத்தமே முக்கியம். சராசரி அழுத்தம் 70 மில்லிமீட்டருக்குக் கீழே நெடுநேரம் நின்றால், பெருஞ்சரீரத்தின் பாரத்தில் அழுந்திய தசைகள் போதிய ரத்தமின்றிக் கெட்டு, விழித்த பின் குதிரை எழுந்து நிற்க மாட்டாமற் போகும். டோபுடமீனைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தி அழுத்தத்தை உயர்த்துவர். அதுவும் மிஞ்சினால் தாளத்தைக் கெடுக்கும். கீழறைகள் முறைமாறித் துடிப்பது வேறு விஷயம். அப்பொழுது பிராணவாயு குறைந்ததா, கரியமிலவாயு மிகுந்ததா, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியதா என்று உடனே தேட வேண்டும்; துடிப்பு அபாயமான வேகத்தை அடைந்தால் லிடோகெயினும் வேண்டியிருக்கும்.

மாட்டின் கதை வேறு. குடல் நோயுற்ற பசுவின் மேலறைகள் தாறுமாறாய் நடுங்குவதுண்டு. குடலையும் ரத்தத்தின் உப்புக்களையும் சரிப்படுத்தினால் பெரும்பாலும் அது தானே அடங்கிவிடும்.

நிற்க. மின்வரைபடக் கருவிதான் இருக்கிறதே என்பார் சிலர். அது ஒரு சாட்சி, பூரண சாட்சியன்று. இருதயம் ரத்தத்தைத் தள்ளாதபோதும் திரையில் கோடு சிறிது நேரம் ஒழுங்காக ஓடக்கூடும். தாடையோரத்து நாடியில் விரல் வைத்திருக்க ஒருவர் வேண்டும். கத்தி பிடிப்பவரே அவராயிருக்க முடியாது. 2002-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சியில், மயக்கப்பட்ட 41,824 குதிரைகளில் நூற்றுக்கு 1.9 வீதம் ஏழு நாட்களுக்குள் மாண்டன. குடல்வலிக்காகச் சிகிச்சை பெற்றவற்றை நீக்கினாலும் 0.9 வீதம். மரணங்களில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு, இருதயம் நின்றோ ரத்த ஓட்டம் குலைந்தோ நேர்ந்தவை. 2021-ல் வெளிவந்த தொடர் ஆராய்ச்சியின் முதற் கணக்கில் இவ்வீதங்கள் முறையே 1.0, 0.6 என இறங்கியுள்ளன. மனிதருக்கு நேர்வதோடு ஒப்பிட்டால் இதுவும் மிகப் பெரிய தொகையே.

சர்க்கார் மிருக வைத்தியசாலைகளுக்குக் கருவி வாங்கப் பணம் ஒதுக்குவோர், நாடி பார்க்கும் அந்த ஒருவரின் சம்பளத்தையும் சேர்த்தே ஒதுக்க வேண்டும். சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திடுமுன், அவர் யார் என்று கேட்கும் உரிமை சொந்தக்காரருக்கு உண்டு.