எரிகாயம் பட்டவருக்கு நித்திரை வர

எரிகாயம் கையில்தான் இருக்கும். ஆனால் ஆளைக் கட்டிலில் பார்த்தால் தோள் மேலேறி, தாடை இறுகி, காற்பெருவிரல் வரை விறைத்துப்போய்க் கிடப்பார். காலையில் மருந்து கட்ட வருவார்கள் என்ற நினைப்பே போதும், உடம்பு இரவே முறுகிவிடும். முறுகிய உடம்பில் நோ கூடும், நித்திரை வராது. நித்திரை கெட்டவருக்கு அடுத்த நாள் அதே நோ இன்னும் பெரிதாகத் தெரியும்.

இந்தச் சுற்றை இடையில் அறுக்க, மருந்துக்குத் துணையாகச் செய்வதுதான் தசைத் தளர்வுப் பயிற்சி. அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் இதைப் பற்றி 1929இல் புத்தகம் எழுதினார். தசையை வேண்டுமென்றே இறுக்கிப் பிடித்து விட்டால், இறுக்கம் எது, தளர்வு எது என்று உடம்புக்குப் பிடிபடும். அதன்பிறகு தளர்வது சுலபம். ஈரானில் எரிகாய நோயாளரிடம் செய்து 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பயிற்சி செய்தவர்களுக்குப் பதட்டம் குறைந்தது, நித்திரையும் மேம்பட்டது.

இலங்கையின் வடக்குக்கு இது புதிதல்ல. போர்க்காலத்தில் உளமருத்துவர் தயா சோமசுந்தரம் இந்த முறையோடு, மல்லாந்து படுத்து உடம்பைத் தளர்த்தும் சாந்தியாசனம், செபம் போன்ற நம்மவர் வழிகளையும் சேர்த்தே வலியுறுத்தினார். சாந்தியாசனம் பழகியவருக்கு இது பாதி தெரிந்த பாடம்.

படுக்கப் போகும் முன் பதினைந்து, இருபது நிமிடம் போதும். பக்கத்தில் நிற்பவர் மெதுவாகச் சொல்லிக்கொடுக்கலாம்: “அப்பா, இடது கையைப் பொத்திப் பிடியுங்கோ... இன்னும் கொஞ்சம்... இப்ப விடுங்கோ. மூச்சையும் விடுங்கோ.” ஐந்து விநாடி இறுக்கம், அதைவிட நீண்ட தளர்வு. பிறகு மற்றக் கை, தோள், முகம், வயிறு, கால். அவசரப்படுத்தினால் பலனில்லை. மருந்து கட்டுவதற்குச் சற்று முன்னும் செய்யலாம்.

எரிகாயக்காரருக்கு முக்கியமான விதிவிலக்கு ஒன்று உண்டு. எரிந்த இடத்தையும் புதிதாகத் தோல் ஒட்டிய இடத்தையும் இறுக்கவே கூடாது. மூச்சை விடும்போது அந்த இடத்தை மனத்தால் தளர்த்தினால் போதும். எந்தத் தசையை இறுக்காமல் விட வேண்டும் என்று வாட்டில் டொக்டரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ முதலே கேளுங்கள். சுகமாக இருக்கிறதென்று முழங்கையை மடித்து வைத்தபடி தளர்வதும் தவறு. மடங்கிய நிலையில் ஆறும் தோல் சுருங்கி மூட்டை இழுத்துவிடும். முன்கழுத்து எரிந்தவருக்குத் தலையணையும் ஆகாது. மூட்டு மடங்காமல் இருக்கப் பட்டை (splint) கட்டியிருந்தால் அதோடேயே செய்யலாம்.

காயம் ஆறிய பிறகு நித்திரையைக் கெடுப்பது பெரும்பாலும் கடிதான். ஆழமாக எரிந்து ஆறிய தோல் சரியாக வியர்க்காது. வன்னி வெக்கையில் அந்த இடம் தகிக்கும், சொறியத் தோன்றும். தளர்வுப் பயிற்சி கடியை மாற்றாது, கிளினிக்கில் தரும் களிம்பும் மருந்தும்தான் அதற்கு. நோவு மாத்திரையை நிறுத்திவிட்டு இதைச் செய்வதும் வேண்டாம்.

போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது எரித்த ஜாம் போத்தல் விளக்கும் செல்லடியும் விட்ட தழும்புகள் இங்கே பலரிடம் உண்டு. அவர்களில் சிலருக்குக் கண்ணை மூடியதும் அந்த நாள் முன்னால் வந்து நிற்கும், பதட்டம் கூடும். அப்படியானால் கண்ணைத் திறந்தபடி, முகட்டைப் பார்த்துக்கொண்டு, இரண்டு கைகளோடு மட்டும் தொடங்குங்கள். அப்போதும் நெஞ்சு படபடத்தால் நிறுத்திவிட்டு, மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் காட்டுங்கள்.