தீபாவளித் துணியும் தோல் களிம்பும்

“கத்தி வைக்காமல், களிம்பு பூசியே தோல் புற்றுநோயைக் குணமாக்கலாம் என்கிறார்களே, உண்மையா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பாதி உண்மை. தோலின் மேல்மட்டத்திலேயே தங்கிவிட்ட சிலவகைப் புற்றுகளுக்கும், ‘ஆக்டினிக் கெரடோசிஸ்’ எனப்படும் சொரசொரப்பான வெயில் தடிப்புகளுக்கும் களிம்பு உண்டு. இந்தத் தடிப்புகளில் சில பின்னாளில் புற்றாக மாறக்கூடியவை. வெளுத்த தோலும் கடும் வெயிலும் சேர்ந்த ஆஸ்திரேலியாவில் இவை வெகு சாதாரணம்; மெலனின் மிகுந்த நம் தோலில் அரிது. ஆழமாக இறங்கிய கட்டிக்கோ மெலனோமாவுக்கோ களிம்பை நம்பி நாள் கடத்துவது ஆபத்து.

களிம்புகளில் மூத்தது 5-ஃப்ளூரோயுராசில். அது வேலை செய்யும் விதம் எத்தனை முறை படித்தாலும் என்னை வியக்கவைக்கிறது. டி.என்.ஏ.வுக்குத் தைமின் வேண்டும். யுராசிலோடு ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்துச் செல் அதைத் தயாரித்துக்கொள்கிறது. சேர்த்துவைக்கும் என்சைமை, சட்டைக்குப் பட்டன் தைப்பவராக வைத்துக்கொள்ளுங்கள். சட்டை யுராசில், பட்டன் ஃபோலேட்டிலிருந்து வரும் மெத்தில். அவர் சட்டையை இறுகப் பிடித்து, பட்டனை வைத்து, அந்த இடத்தில் ஓட்டியிருந்த ஹைட்ரஜன் நூலை உருவிவிட்டுக் கையை எடுக்க வேண்டும். மருந்தில் ஹைட்ரஜனின் இடத்தில் ஃப்ளூரின். பார்வைக்கு அதே சட்டைதான், ஆனால் நூல் உருவ வருவதில்லை. சட்டை, பட்டன் டப்பா, தைப்பவரின் கை மூன்றும் ஒன்றாகத் தைபட்டுப்போகின்றன.

ஆடி மாதத்தில் இந்தத் தையல் கடை முடங்கினால் யாருக்கும் பெரிதாகத் தெரியாது. சாவகாசமாகப் பெருகும் செல்களின் நிலை அதுதான். ஓயாமல் பிளவுபடும் கெட்டுப்போன செல்களுக்கோ தினமும் தீபாவளிக்கு முந்தைய நாள். பொறுமையிழந்தவர்கள் பட்டன் இல்லாத சட்டையையே மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். தைமின் கிடைக்காத டி.என்.ஏ.வும் யுராசிலையே கோத்துக்கொள்கிறது. “இதென்ன கோலம்?” என்று வாசலில் மறித்துக் கழற்றச் சொல்லும் வீட்டுப் பெரியவர், பழுதுநீக்கும் என்சைம். மாற்றுச் சட்டைக்கும் பட்டன் இல்லை. கழற்றிக் கழற்றி மாட்டியதில் துணி கிழிகிறது, டி.என்.ஏ. இழை அறுந்து செல் மடிகிறது.

பூசத் தொடங்கிய சில நாட்களில், தடிப்பே தெரியாத இடங்களும் சிவந்து புண்ணாகும். கண்ணுக்கு எட்டாமல் கெட்டிருந்த செல்களைக் களிம்பு தேடிப் பிடித்திருக்கிறது. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், ஒவ்வாமை என்று பயந்து பலர் பாதியில் நிறுத்திவிடுவார்கள். தினம் இருவேளை, இரண்டு முதல் நான்கு வாரம் பூச வேண்டிய மருந்து இது. முகம் கன்றிப்போயிருக்கும் அந்த வாரங்களுக்கு நோயாளியை மருத்துவர் தயார்படுத்தியே ஆக வேண்டும்.

எலியின் கல்லீரல் கட்டிகள் யுராசிலை அதிகம் இழுத்துக்கொள்வது தெரிந்த பிறகு, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஹைடல்பெர்கர் 1957-இல் ஃப்ளூரோயுராசிலை அறிமுகப்படுத்தினார். வரலாறு இவ்வளவு போதும்.

2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இன்ஜெனால் மெபுடேட் என்ற பூச்சு மருந்து, இரண்டு மூன்று நாள் பூசினாலே போதும் என்று கொண்டாடப்பட்டது. நம் அம்மான் பச்சரிசியின் உறவுச் செடி ஒன்றின் பாலிலிருந்து எடுத்தது அது. நெதர்லாந்தில் வெயில் தடிப்புள்ள 624 பேரிடம் நான்கு சிகிச்சைகளை ஒப்பிட்டு 2019-இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குப் பிறகும் பலன் நிலைத்தது அதைப் பூசியவர்களில் சுமார் 29 சதவீதத்தினருக்கு. பழைய ஃப்ளூரோயுராசிலில் 75 சதவீதத்தினருக்கு. பூசிய இடத்திலேயே தோல் புற்று வரக்கூடும் என்ற கவலையால் 2020-இல் ஐரோப்பாவில் இன்ஜெனால் விலக்கப்பட்டது. செடியிலிருந்து வந்தது என்பதற்காக ஒரு மருந்தை நம்பிவிட முடியாது. அம்மான் பச்சரிசிப் பாலைச் சந்தேகத்துக்குரிய மருவில் தடவிப் பார்க்கவும் வேண்டாம்.

கத்தியோடு ஒப்பிட்டால்? குறைந்த ஆபத்துள்ள பேசல் செல் புற்றுக்கு, நோயெதிர்ப்பைத் தூண்டும் இமிகுவிமாட் என்ற இன்னொரு களிம்பை அறுவைசிகிச்சையோடு பிரிட்டனில் ஒப்பிட்டார்கள். ஐந்தாண்டுகளுக்குப் பிறகு களிம்பு 82.5 சதவீதம் வெற்றி, கத்தி 97.7. முதுகிலோ மார்பிலோ தழும்பு வேண்டாம் என்பவர் அந்த வித்தியாசத்தை ஏற்கலாம். கண்ணோரத்திலோ மூக்கிலோ வந்தவருக்கு நான் கத்தியைத்தான் சொல்வேன்.